வீரமும் வரிசையும்

தமிழில் ‘வரிசை’ எனும் சொல் இருபொருள் தருவது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் ஒழுங்கினையும் அது சுட்டும். தகுதியறிந்து ஒருவர்க்குச் செய்யப்படும் சிறப்பினையும் அது சுட்டும். பரிசிலரின் தரமறிந்து கொடுத்த புரவலனை வரிசை அறிந்தவன் எனப் பழந்தமிழ்ப் புலவர் போற்றினர். சிறப்புச் செய்வோன் ஒருவனது தகுதியைப் பார்க்கின்றானா, அன்றி வரிசையில் அவன் நிற்கும் இடத்தைப் பார்க்கின்றானா என்னும் வினா, மனிதர் மனிதர்க்குப் பரிசு கொடுக்கத் தொடங்கிய நாள்தொட்டு இருந்துவரும் வினாவாகும். இவ்வினாவின் முழுக் கூர்மையையும் உணர்தற்கு, முதலாம் உலகப் போரில் வானிற் பொருத ஓர் ஆங்கில வீரர் பெற்ற பதக்கங்களை நோக்குதல் பயன்தரும்.

ஜேம்ஸ் தோமஸ் பைபோர்ட் மக்கடன் என்பது அவ்வீரரின் பெயர். அப்போரிற் பிரித்தானிய விமானப் படையினர் எவரும் பெறாத அளவு வீரப் பதக்கங்களைப் பெற்றவர் என அவர் குறிப்பிடப்படுகின்றார். விக்டோரியா சிலுவை, சிறப்புச் சேவை விருதும் அதன் மறுமுறைப் பட்டையும், இராணுவச் சிலுவையும் அதன் மறுமுறைப் பட்டையும், இராணுவப் பதக்கம், பிரெஞ்சு அரசின் போர்ச் சிலுவை என்பன அவை. ஒரே விருதினை இரண்டாம் முறை பெறுவோர்க்கு வேறொரு பதக்கம் வழங்கப்படுவதில்லை. முன்னைய பதக்கத்தின் நாடாவிற் பூட்டுதற்கு ஒரு சிறு உலோகப் பட்டையே வழங்கப்படும். அப்பட்டைகளையும் சேர்த்து எண்ணின் ஏழுமுறை அவரது வீரம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் பிறந்த ஊராகிய ஜில்லிங்கத்திலுள்ள அரச பொறியியற் படையின் அருங்காட்சியகத்தில் அப்பதக்கங்கள் பேணப்படுகின்றன.

பதக்கங்களை அணிவதற்கு ஒரு முறையுண்டு. உயர்ந்தது மார்பின் நடுப்பகுதிக்கு அண்மையிலும், ஏனையவை படிப்படியாகத் தோளை நோக்கியும் அமையும். எதிரே நின்று காண்போர்க்கு உயர்ந்தது இடக்கோடியில் தோன்றும். வேற்று நாட்டு விருதோ வலக்கோடிக்குச் சென்றுவிடும். மக்கடனின் வீரப் பதக்கங்களை இம்முறையில் நிரைப்படுத்தி, அந்நிரையை வலமிருந்து இடமாக வாசித்தால், அவரது வாழ்க்கை பிறழாது அதே ஒழுங்கில் விரிவதைக் காணலாம். பிரெஞ்சுச் சிலுவை முதலில் வந்தது. அடுத்து வந்தது இராணுவப் பதக்கம். அதன்பின் இராணுவச் சிலுவை. பின்னர்ச் சிறப்புச் சேவை விருது. இறுதியில் விக்டோரியா சிலுவை. இது வீரத்தின் வளர்ச்சியைக் காட்டும் நிரை என எண்ணத் தோன்றும். ஆயின், அது காட்டுவது பிறிதொன்றையே.

மக்கடன் 1895 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28 ஆம் நாள் பிறந்தவர். அயர்லாந்து வழிவந்த அவரது தந்தையார் அரச பொறியியற் படையிற் பணிபுரிந்தவர், அதிகாரி தரத்தினரல்லர். படைமுகாம் சார்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் படையிற் சேர்வது வழமை. 1910 ஆம் ஆண்டிலே, பதினைந்து வயதளவில், எக்காளம் ஊதும் சிறுவனாக அவர் அப்படையிற் சேர்ந்தார். 1912 இல் அரச பறக்கும் படை அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அவர் அதற்கு மாறி, விமானங்களைத் துடைத்தும் திருத்தியும் காற்றாடியைச் சுழற்றியும் உதவும் கைவினைஞரானார். 1914 ஓகஸ்டில் போர் மூண்டபோது, 3 ஆம் அணியின் இயந்திரங்களைப் பேணும் தொழிலாளராகவே அவர் பிரான்சு நாட்டிற்குச் சென்றார்.

அக்காலத்தில் விமானத்தைச் செலுத்துவோர் பெரும்பாலும் அதிகாரிகளாகவே இருந்தனர். அதிகாரிகளோ பெரும்பாலும் உயர்குடிப் பள்ளிகளிற் பயின்றவர்கள். இயந்திரத்தின் உள்ளுறுப்புகளை அறிந்த கைகள் தரையிலே நின்றன. அதனை வானிற் செலுத்தும் உரிமை வேறு கைகளிடம் இருந்தது. ஜேம்ஸின் அண்ணன் வில்லியம் இந்த எல்லையை முன்னரே கடந்து விமானியானவர். 1915 மே மாதம் முதலாம் நாள், இங்கிலாந்திலேயே, ஒரு பறப்பு விபத்தில் அவர் மாண்டார். அதன் பின்னரும் தம்பியின் விருப்பம் தளரவில்லை. சார்ஜன்டாக உயர்ந்திருந்த அவர், எதிரியின் நிலைகளை நோக்குபவராகவும் துப்பாக்கி இயக்குபவராகவும் பறந்தார். அப்பணிக்காகவே 1916 ஜனவரியில், பிரெஞ்சுத் தளபதி ஜொபர் கையால் அந்நாட்டின் போர்ச் சிலுவையைப் பெற்றார். ஆகவே, அவரது வீரத்துக்கு முதலிற் பதக்கம் அணிவித்தது அவரது சொந்த நாடன்று, நேச நாடொன்றே.

அதே ஆண்டின் முற்பகுதியில் விமானம் செலுத்தப் பயின்று, கோடையில் மீண்டும் போர்முனைக்கு வந்தார். 29 ஆம் அணியில் ஒற்றை இருக்கைப் போர்விமானம் அவருக்குக் கிடைத்தது. செப்டெம்பர் 6 ஆம் நாள் முதல் எதிரி விமானத்தை வீழ்த்தினார். அவ்வாண்டிலேயே அவருக்கு இராணுவப் பதக்கம் வழங்கப்பட்டது. 1917 ஜனவரி முதலாம் நாள் அவர் அதிகாரியாக நியமனம் பெற்றார். அவ்வாண்டின் தொடக்க மாதங்களிலேயே, அதே அணியில் அதே பணிக்கு, இராணுவச் சிலுவை கிடைத்தது.

இவ்விடத்தில் ஒரு கணம் தாமதித்து நோக்குதல் வேண்டும். இராணுவப் பதக்கத்துக்கும் இராணுவச் சிலுவைக்கும் இடையிலுள்ள வேறுபாடு யாது? முன்னது வெள்ளியால் வார்த்த வட்டம். பின்னது வெள்ளியால் வார்த்த சிலுவை. முன்னது 1916 மார்ச்சில் நிறுவப்பட்டது. பின்னது 1914 டிசம்பரில் நிறுவப்பட்டது. ஆயின், உண்மையான வேறுபாடு வடிவத்திலோ ஆண்டிலோ இல்லை. சிலுவை கப்டன் தரத்துக்கு மேற்படாத அதிகாரிகளுக்கும் வாரண்ட் அதிகாரிகளுக்கும் உரியது. பதக்கம் அவர்களுக்குக் கீழ்ப்பட்ட சிப்பாய்களுக்கும் சார்ஜன்ட்களுக்கும் உரியது. இரண்டும் எதிரியின் முன்னே காட்டிய துணிவுக்காக வழங்கப்பட்டவையே. 1916 இன் இலையுதிர் காலத்தில் அவ்விமானத்திற் பறந்த மனிதரும் 1917 இன் குளிர்காலத்திற் பறந்த மனிதரும் ஒருவரே. குளிரும் அதுவே, குண்டும் அதுவே, விழுந்தால் மாயும் உயிரும் அதுவே. மாறியது ஒன்றுதான்: அவரது சீருடையில் இருந்த தரச்சின்னம். அது மாறியதும் வீரத்தின் பெயரும் மாறிற்று.

வீரத்துக்குத் தரம் பிரித்த இவ்வழக்கம் பிரித்தானியர்க்கு மட்டும் உரியதன்று. ஜேர்மனியின் புகழ்பெற்ற ‘பூர் ல மெறிற்’ விருதும் அதிகாரிகளுக்கே உரியதாயிருந்தது. பிரித்தானியாவிலே 1886 இல் நிறுவப்பட்ட சிறப்புச் சேவை விருதும் அத்தகையதே. இவற்றிடையே ஒரு விதிவிலக்காக நின்றது விக்டோரியா சிலுவை. கிரைமியப் போரின் முடிவில், 1856 இல், அதனை நிறுவிய அரச ஆணை, பதவியையோ சேவைக் காலத்தையோ கருதாது வீரம் ஒன்றையே கருதுக என விதித்தது. அதனைப் பொன்னிலோ வெள்ளியிலோ வார்க்கவில்லை, வெண்கலத்திலேயே வார்த்தனர். பொருளால் எளிய அவ்வுலோகத் துண்டு மதிப்பால் எல்லாவற்றுக்கும் மேலாயிற்று. ஒரே அரசு, ஒரே நூற்றாண்டிற்குள், பதவி பாராத விருதையும் பதவி பார்க்கும் விருதுகளையும் அருகருகே வைத்திருந்தமை கருதத்தக்கது. எது நியாயம் என்பது அவ்வரசுக்குத் தெரியாததன்று. ஆயின், அந்நியாயத்தை மிக அரிதான ஓர் உச்சிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, அன்றாட வீரத்தைப் பழைய படிவரிசையிலேயே அளந்தது.

1917 ஓகஸ்டில் மக்கடன் 56 ஆம் அணியில் ஒரு பிரிவின் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்பிரிவில் அவருக்குக் கீழே பறந்தவருள் ஆதர் றைஸ் டேவிட்ஸ் என்பவரும் ஒருவர். ஈழத்து வாசகர்க்கு அக்குடும்பப் பெயர் புதியதன்று. இலங்கையிற் குடியியற் சேவையிற் பணியாற்றியபோது பாளி மொழியைக் கற்று, பின்னர் 1881 இல் பாளி நூற் கழகத்தை நிறுவிய தோமஸ் வில்லியம் றைஸ் டேவிட்ஸ் அவர்களின் மகனே அவ்விளைஞர். ஈட்டன் கல்லூரியிற் பயின்று, ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துக்குப் புலமைப்பரிசில் பெற்று, போரின் பொருட்டு அப்படிப்பை ஒத்திவைத்து வந்தவர். பதினைந்து வயதில் எக்காளம் ஏந்தியவர் ஆணையிட, செம்மொழிகளைக் கற்ற அறிஞர் மகன் அவர்பின் பறந்தார்.

1917 செப்டெம்பர் 23 ஆம் நாள் மாலை, மக்கடனின் பிரிவினரும் துணைவந்த வேறு சிலரும் தனித்து நின்ற ஒரு ஜேர்மன் மூவிறகு விமானத்தைச் சூழ்ந்து பொருதனர். அதனைச் செலுத்தியவர் வேர்ணர் வொஸ். நாற்பத்தெட்டு வெற்றிகளைப் பெற்றிருந்த, இருபதே வயதான அவர், தப்பிச் செல்லாது சுமார் பத்து நிமிடம் தனியராய்ப் போரிட்டு, எதிர்த்த விமானங்கள் பலவற்றைத் துளைத்தார். இறுதியில் றைஸ் டேவிட்ஸின் குண்டுகளால் வீழ்ந்தார். வொஸின் பேராண்மையை மக்கடன் தம் நூலில் மனந்திறந்து போற்றியுள்ளார். வீழ்த்திய றைஸ் டேவிட்ஸோ, அவரை உயிரோடு இறக்க முடியாது போயிற்றே என வருந்தினார் என்பர். அவ்வருத்தத்தைச் சுமந்தவர் ஒரு மாதமே வாழ்ந்தார். ஒக்டோபர் 27 ஆம் நாள் பறந்து சென்று மீளவில்லை. அவருக்கும் வயது இருபதே. வொஸ் வீழ்ந்த வேளையில், அப்போரில் ஈடுபட்டோர் எவரும் தரத்தையும் குடியையும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. வரிசை பற்றிய எண்ணம் தரையில் இறங்கிய பின்னரே வந்து சேர்கின்றது.

மக்கடனின் வீரம் எத்தகையது என்பதையும் நோக்குதல் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பாயும் துணிவன்று அது. ஒவ்வொரு பறப்புக்கு முன்னரும் தம் துப்பாக்கிகளையும் இயந்திரத்தையும் தாமே ஆராய்ந்து சீர்செய்வது அவர் வழக்கம். இருபதினாயிரம் அடி உயரத்தை அண்மித்துப் பறந்து நிழற்படம் எடுத்துச் சென்ற ஜேர்மன் இரட்டை இருக்கை விமானங்களை எட்டுதற்காக, தமது எஸ். ஈ. 5 ஏ விமானத்தின் இயந்திரத்துக்கு அமுக்கம் கூடிய முசலங்களைப் பொருத்தச் செய்தார். செயற்கை ஒட்சிசன் இன்றி, மூடப்படாத இருக்கையில், உறைகுளிரிலே நெடுநேரம் காத்திருந்து, எதிரியின் பார்வைக்குப் புலப்படாத கோணத்திலிருந்து நெருங்குவார். சாதகமற்ற நிலையெனின் போரை விட்டு விலகவும் அவர் தயங்கவில்லை. இவையனைத்தும் ஒரு கைவினைஞரின் பண்புகள்: பொறுமை, அளவறிதல், கருவியை மதித்தல். எந்தப் பின்னணி காரணமாக அவரைச் சிலர் தாழ்வாக எண்ணினரோ, அப்பின்னணியே அவரது வெற்றிக்கு மூலமாயிற்று எனலாம்.

1917 இன் பிற்பகுதியிலும் 1918 இன் தொடக்கத்திலும் விருதுகள் விரைந்து வந்தன. இராணுவச் சிலுவைக்குப் பட்டையும், சிறப்புச் சேவை விருதும், அதற்கொரு பட்டையும் சில மாதங்களுக்குள் கிடைத்தன. 1918 ஏப்ரல் 2 ஆம் நாள் விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பு அவர் வீழ்த்திய விமானங்களை 54 எனக் கணக்கிட்டது. அவற்றுள் 42 ஐயத்துக்கிடமின்றி அழிக்கப்பட்டவை எனவும் 19 பிரித்தானிய எல்லைக்குள்ளேயே வீழ்ந்தவை எனவும் பிரித்துரைத்தது. பின்னர்க் கூறப்படும் மொத்தத் தொகை 57 ஆகும். எண்களால் நிறைந்த அவ்வறிவிப்பிலே எண்ணால் அளக்கவியலாத ஒரு செய்தியும் இடம்பெற்றது. தம் பிரிவிற் புதிதாகச் சேர்ந்த இளம் விமானிகளைக் காத்து இழப்பைக் குறைத்தார் என்பதே அது. வீழ்த்திய தொகையே புகழாக விளங்கிய காலத்தில், காத்தமையையும் வீரமென ஏற்றுக்கொண்ட அவ்வரி பாராட்டத்தக்கது.

ஆயின், அவ்வறிவிப்பு வெளிவருதற்கு இரு வாரங்களுக்கு முன்னர், மார்ச் 18 ஆம் நாள், அவரது தம்பி ஜோன் வான்போரில் மாண்டிருந்தார். அவரும் இராணுவச் சிலுவை பெற்றவரே. ஏப்ரலில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் கையால் ஜேம்ஸ் விக்டோரியா சிலுவையைப் பெற்றபோது, அக்குடும்பத்தில் இரு மைந்தரின் இடம் வெறுமையாயிருந்தது. நாட்டின் அதியுயர் விருது அவ்வில்லத்துக்குள் துக்கத்தின் நடுவிலேயே நுழைந்தது. விருதுக்கு எப்போதும் இரு முகங்கள் உண்டு. உலகம் காண்பது ஒன்று. வீட்டார் காண்பது மற்றொன்று.

பதவி பாராத விக்டோரியா சிலுவை கிடைத்த பின்னராவது பதவி பற்றிய எண்ணம் அகன்றதா? 1918 கோடையில் 85 ஆம் அணிக்குத் தலைவர் ஒருவர் தேவைப்பட்டார். மக்கடனின் பெயர் முன்வைக்கப்பட்டபோது அவ்வணியின் விமானிகள் அவரை விரும்பவில்லை என்றும், சாதாரண படைவீரர் குடும்பத்திலிருந்து வந்தவர் என்பது அதற்குரிய காரணங்களுள் ஒன்று என்றும் சொல்லப்படுகின்றது. ஏழுமுறை சிறப்பிக்கப்பட்ட மார்பினராயினும், எக்காளம் ஊதிய சிறுவன் அவர்களது கண்ணினின்று மறையவில்லை போலும். அரசு பதக்கம் அணிவிக்கலாம். உடனிருந்து உண்போரின் மனத்தை ஆணையால் மாற்றவியலாது.

60 ஆம் அணியின் தலைமை அவருக்கு வழங்கப்பட்டது. மேஜராக உயர்ந்த அவர் 1918 ஜூலை 9 ஆம் நாள் அப்பொறுப்பை ஏற்கப் பறந்து செல்கையில், வழி வினவுதற்காக ஒக்சி-லெ-சற்றோ எனும் இடத்து விமானத் தளத்தில் இறங்கினார். மீண்டும் மேலெழுந்த சிறிது நேரத்தில் இயந்திரம் பழுதுற, விமானம் மரங்களிடையே வீழ்ந்தது. அன்றே அவர் உயிர் பிரிந்தது. எதிரியெவரும் அருகில் இல்லை. இயந்திரத்தை நேசித்து வாழ்ந்தவரை இயந்திரமே கைவிட்டது. அவருக்கு அப்போது வயது இருபத்துமூன்று. பிரான்சிலே வவான் என்னும் சிற்றூரின் இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

மக்கடனை ஏற்காத 85 ஆம் அணிக்குத் தலைவராக வந்தவர் எட்வேட் மனொக். அவரும் வறிய படைவீரர் ஒருவரின் மகன். மக்கடனிடமே பறத்தல் நுட்பங்களைப் பயின்றவர். ஜூலை 26 ஆம் நாள், தம் ஆசான் மறைந்து பதினேழே நாள்களில், அவரும் மாண்டார். அவர் பெற்ற விக்டோரியா சிலுவை மறு ஆண்டு, 1919 ஜூலையிலேயே, அறிவிக்கப்பட்டது. குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றிருந்த தந்தையே அதனை அரண்மனையிற் பெற்றுக்கொண்டார். பின்னர் மகனின் பதக்கங்களை ஐந்து பவுணுக்கு விற்றுவிட்டார். அவை பிற்பாடு மீட்கப்பட்டன. தந்தையின் செயலை இகழ்தல் எளிது. ஆயினும், உரியவர் இல்லாத இடத்திற் பதக்கம் வெறும் உலோகமே என்பதை அச்செயல் உரக்கச் சொல்லிற்று. பிள்ளையின் உழைப்பில் வாழ வேண்டிய வறிய இல்லங்களுக்கு அவ்வுலோகம் ஈடாகவில்லை என்பதும் உண்மையே.

எனினும், ஒரு பக்கத்தை மட்டும் கூறி முடித்தல் நேர்மையாகாது. அப்போரே மக்கடனுக்குக் கதவுகளைத் திறந்தது. அமைதிக் காலமாயிருப்பின் அவர் விமானியாவதும் அதிகாரியாவதும் அரிதாயிருந்திருக்கும். விமானிகள் விரைந்து மாண்டமையால் திறமைக்கு இடந்தர வேண்டிய கட்டாயம் படைக்கு ஏற்பட்டது. தகுதிக்கு மதிப்புக் கிடைத்தது; அதற்கு உரியோர் தொகை தொகையாக இறக்க வேண்டியிருந்தது என்பதே அதிலுள்ள துயரம். பிறப்பையும் பள்ளியையும் விட்டு ஆற்றலை நோக்கும் மனநிலை அமைதிக் காலத்தில் ஏன் எளிதில் வருவதில்லை என்பது எந்தச் சமூகமும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாவாகும்.

1993 இல் பிரித்தானிய அரசு வீரப் பதக்கங்களில் நிலவிய தரவேறுபாட்டை நீக்கியது. இராணுவப் பதக்கம் கைவிடப்பட்டது. இராணுவச் சிலுவை எல்லாத் தரத்தினர்க்கும் உரியதாயிற்று. மக்கடன் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. துணிவு ஒன்றே, அதற்கு இருபெயர் வேண்டியதில்லை என்ற எளிய உண்மையை ஏற்க அத்துணைக் காலம் சென்றது.

ஆயினும், முன்னர் வழங்கியவற்றை எவரும் மாற்றி எழுத முடியாது. ஜில்லிங்கத்துப் பதக்கங்களில் வெள்ளி வட்டமும் வெள்ளிச் சிலுவையும் இன்றும் உள்ளன. பார்வையாளர் பலர் விக்டோரியா சிலுவையையே தேடிக் காண்பர், அது இயல்பே. ஆயின், அவ்விளைஞரை அறிய விழைவோர் அவ்வெள்ளி வட்டத்தின் முன் சற்று நிற்றல் வேண்டும். ஏனையவற்றையெல்லாம் கப்டன் மக்கடனின் பெயரோடு சேர்த்தே உலகம் அறியும். அதனைப் பெற்றவரோ, விமானத்தைத் துடைத்த கைகளாலேயே அதனைச் செலுத்தவும் கற்றுக்கொண்ட ஒரு சார்ஜன்ட். வரிசை அறிதல் என்பது அவரைக் காண்பதிலேயே தொடங்குகின்றது.